ஒரு கிலோ எண்ணூறு கிராம்

துடைக்காதிய அண்ணாச்சி. அந்தத் துண்டை மடியிலயே வச்சிருங்க. வேர்வையைத் துடைச்சு எடுத்துட்டா பிரயோசனம் இல்ல. அது தோல்மேல நின்னு காயணும். காயும்போதுதான் உடம்புச் சூட்டைச் சேத்து எடுத்துட்டுப் போவும். சொட்டிக் கீழ விழுந்துட்டுன்னா அது வெறும் தண்ணி, வீணாப் போனது. சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க, காத்து மேல படட்டும். ஆங், அப்படித்தான்.

நான் படிச்சவன்லாம் இல்ல. குட்டியானை ஓட்டுதேன், வாழைத்தார் ஏத்துத வண்டி. பேரு லிங்கதுரை. செவ்வல்விளை நமக்கு. தேரிக்காட்டு ஓரம், சிவப்பு மணலா மேடு மேடாக் கிடக்கும்லா, அந்தப் பக்கம். இந்த வேர்வை வெவரமெல்லாம் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தியே ஒருத்தரு சொல்லியிருந்தா... சொல்லலியே. அதான் எனக்கு ஆத்தாமை. எல்லாம் நடந்த பிறகு, உனக்கு இதுகூடத் தெரியாதா, இதுகூடத் தெரியாதான்னு ஊரே கேக்கு. தெரியாது. தெரிஞ்சா செய்வனா?

நீங்க எதுவரைக்கும் போறிய? திருச்செந்தூரா? நான் அதுக்கு முந்தியே இறங்கிருவேன். மாமியா வீட்டுக்குப் போறேன். என் பெஞ்சாதி அங்கதான் இருக்கா, ரெண்டு மாசமாச்சு. கனி. சண்முகக்கனி. கூப்பிட வாரேன்னு போன்ல சொன்னேன். "வாங்க"ன்னா. போனை வச்சிட்டா. அந்த 'வாங்க' எப்படிப்பட்ட 'வாங்க'ன்னு நேத்துலேருந்து யோசிச்சிட்டுக் கிடக்கேன்.

கபடி பாப்பியளா அண்ணாச்சி? டிவியில வாரது இல்ல, நம்ம ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடக்குது. அதுல அம்பத்தஞ்சு கிலோ கபடின்னு தனியா உண்டு. ஆடுதவன் ஒவ்வொருத்தனும் அம்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். ஆட்டத்துக்கு முந்தி ஜட்டியோட தராசுல ஏத்தி எடை பாத்து, கையில மை வைப்பாங்க. நூறு கிராம் கூடுனாலும் வெளிய போன்னுருவாங்க. எங்க டீம் புயல் நண்பர்கள். நான் அதுல எட்டு வருசம் ஆடுனேன், இப்ப மேனேஜரு. எங்க டீம்ல ரெய்டு போறவன் இசக்கிராஜா. என் மச்சினன், கனிக்கு ஒரே தம்பி. இருபத்திரெண்டு வயசு. அவன் நடுக்கோட்டைத் தாண்டிட்டான்னா எதிராளி ஏழு பேரும் பின்னாலயே போவானுவ. ஒரே மூச்சுல மூணு பேரைத் தொட்டுட்டு, சிரிச்சிட்டே திரும்பி வருவான். நான் மெச்சிக்கிடணும்னு சொல்லல, நீங்க யார்ட்டயும் கேட்டுப் பாருங்க.

ஆனா பாருங்க, நாலு வருசமா பைனல்ல தோக்கோம். நாலு வருசம். அதே டீம்கிட்ட. இந்த வருசம் ஜெயிக்காட்டா மேனேஜரா இருக்க மாட்டேன்னு கமிட்டிக்காரன் முன்னால சொல்லிட்டேன்.

இசக்கி மூணு மாசமாக் கோயம்புத்தூர்ல இருந்தான். நகைக்கடை வேலை. உள்ள பூரா ஏசி. வெயில்னா என்னன்னு தெரியாத இடம். மேட்ச் அன்னைக்கிக் காலையில பஸ்ஸுல வந்து இறங்குதான், கன்னமெல்லாம் உப்பிப் போயி. நேரா வாழைக்காய் மண்டித் தராசுக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்பத்தாறு எண்ணூறு.

ஒரு கிலோ எண்ணூறு கிராம் கூட. மணி ஒம்பதரை. எடை போடுதது ஒண்ணரைக்கு.

"அத்தான், ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இந்த ஒரு தடவை சேர்மத்துரைய எறக்குவோமா?"ன்னான்.

"சேர்மத்துரையா? அவன் கபடி பாடிட்டுப் போகதுக்குள்ள மூச்சு வாங்கி உக்காந்துருவான். நாலு மணி நேரம் இருக்குலே. ஓடுனா இறங்கிரும். நான் எறக்காத எடையா?"

சரின்னுட்டான். நான் கட்டாயப்படுத்தலை, இதைக் கேட்டுக்கிடுங்க. அவனேதான் கையை நீட்டி மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டான்.

ஆமா, மழைக்கோட்டு. எடை இறக்கணும்னா அதான் வழி. நாங்க எல்லாரும் அப்படித்தான் செய்வோம். உள்ள ரெண்டு ஸ்வெட்டரு, மேல பிளாஸ்டிக் மழைக்கோட்டு, தலையில குரங்குக் குல்லா. மணிக்கட்டுலயும் இடுப்புலயும் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டிருவோம். காத்து உள்ள போகப்பிடாது. அப்புறம் தேரி மணல்ல ஓட்டம். தண்ணி கிடையாது. வாயில புளியைப் போட்டுக்கிட்டு எச்சியையும் துப்பிட்டே ஓடணும். அதுவும் எடைதான. நான் என் காலத்துல ரெண்டு கிலோ இறக்கியிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே? சொல்லுங்க, ஆச்சா?

முதல் முக்கால் மணி நேரம் நல்லாத்தான் ஓடுனான். நிறுத்தி, எல்லாத்தையும் கழட்டி, மண்டியில ஏத்துனா அம்பத்தாறு நூறு. கோட்டுக் கையை அவுத்தப்போ சொம்புலேருந்து ஊத்துன மாதிரி வேர்வை ஊத்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோசம். வேர்க்குன்னா உடம்பு குளுருதுன்னுதான அர்த்தம்? நீங்களும் அப்படித்தான நெனச்சிருப்பிய? அந்த டாக்டரம்மா பிற்பாடு சொன்னாங்க, அதுல ஒரு சொட்டுகூட அவனைக் குளிர வைக்கலன்னு. கோட்டுக்குள்ள காயதுக்கு வழி இல்ல. உடம்பு பாவம், இன்னும் இன்னும்னு தண்ணியைக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. உள்ள இருந்த தண்ணி தீந்துக்கிட்டே இருந்திருக்கு. ரத்தமே கெட்டிப்பட்டுப் போச்சாம்.

ரெண்டாவது சுத்து முடிஞ்சு அம்பத்தஞ்சு அறுநூறு. அப்ப மணி பதினொண்ணே முக்கால். தேரியில கால் வைக்க முடியல, செருப்பு போட்டிருந்த எனக்கே பொசுக்குச்சு. நான் பனை நிழல்ல நின்னுக்கிட்டு டைம் பாத்துட்டு இருந்தேன்.

அப்பத்தான் கனி வந்தா, கையில தூக்குவாளி. பதநீர். தம்பி வந்திருக்கான்னு காலையிலயே சொல்லிவச்சு வாங்கியிருக்கா. அவன் மூஞ்சியப் பாத்ததும் நின்னுட்டா.

"என்ன இப்படிச் செவந்து கிடக்கு? தேரி மண்ணு மாதிரி இருக்கு."

"ரத்தம் நல்லா ஓடுது"ன்னேன்.

"ஒரு வாய் குடிக்கட்டும்."

"கொப்புளிச்சுத் துப்பட்டும். முழுங்கப்பிடாது."

அவ ஊத்திக் குடுத்த டம்ளரை அவன் வாங்குனான். வாயில ஊத்துனான். முழுங்கப் போறான்னு தெரிஞ்சுது எனக்கு, தொண்டை அசைஞ்சுதுலா. தாடையைப் பிடிச்சு, துப்புலேன்னேன். துப்பிட்டான். மணல்ல விழுந்த உடனே அதுவும் காஞ்சு போச்சு. அவன் அந்த இடத்தையே பாத்துட்டு நின்னான். கனி வாளியை மூடிக்கிட்டு அங்கயே உக்காந்துட்டா. போன்னா போகல.

மூணாவது சுத்து. பத்து நிமிசம் ஓடியிருப்பான், எங்கிட்ட வந்து நின்னு, "அத்தான், குளுருது"ன்னான்.

நல்லாக் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. குளுருதுன்னு அவன் வாயாலயே சொன்னான். குல்லாவைத் தூக்கிப் பாத்தா கழுத்துல மயிரெல்லாம் குத்திட்டு நிக்கு. சித்திரை வெயில்ல நிக்கவன் குளுருதுன்னா, சூடு இல்லன்னுதான நான் நெனப்பேன்? சந்தோசந்தான் பட்டேன். "நல்லது, இன்னும் ஒரு அரை மணி நேரம்"னு முதுகுல தட்டி விட்டேன். அது கடைசி அடையாளமாம். உள்ள கொதிக்கும்போது தோலு குழம்பிப்போயி அப்படிக் காட்டுமாம். எனக்கு என்ன தெரியும்?

அப்புறம் ஒரு மாதிரி ஆயிட்டான். சிரிச்சான். "அத்தான், கடையை எப்பத் தொறக்கணும்? சாவி உங்ககிட்டயா இருக்கு?"ன்னான். கிண்டல் பண்ணுதான்னு நெனச்சு நானும் சிரிச்சேன். "வளையல் தட்டை உள்ள வைக்கணும், மொதலாளி வந்துருவாரு"ன்னுட்டு, ஓட வேண்டிய வழியை விட்டுட்டு உடைமரத்துக்குள்ள நடக்கான். முள்ளு கிழிக்குது, தெரியல அவனுக்கு. "லேய் இசக்கி, இந்தப் பக்கம்லே"ன்னு கத்துனேன். திரும்பிப் பாத்தான். என்னைத்தான் பாத்தான், ஆனா நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. அப்படியே சாக்கு மூடை சரிஞ்ச மாதிரி விழுந்தான்.

கனி எனக்கு முந்தி ஓடிட்டா. நான் போயி கையைப் பிடிச்சா, ஏத்தத்துல லோடோட ஏறி நின்ன வண்டி பானெட்டைத் தொட்ட மாதிரி இருக்கு. வேர்வை இல்ல. அவ்வளவு நேரம் ஊத்துன வேர்வை நின்னுபோச்சு.

"கோட்டைக் கழட்டுங்க! கோட்டைக் கழட்டுங்க!"ன்னு அவ டியூபைப் பல்லால கடிக்கா.

"கழட்டாத. காத்துப் பட்டா ஜன்னி கண்டுரும்"னேன்.

"அந்தத் தோட்டத்துல மோட்டார் ஓடுது, தொட்டியில போடுவோம்."

"சூட்டு உடம்பைத் தண்ணியில போட்டா அங்கயே செத்துருவான், சும்மா இரு!"

நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான சொல்லுதாங்க? நானாக் கண்டுபிடிச்சதா? தூக்கி வண்டியில பின்னால போட்டேன். கனி ஏறிக்கிட்டா. மணி ஒண்ணு பத்து.

ஆஸ்பத்திரிக்குத்தான் அண்ணாச்சி எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குத்தான்.

முக்குல வலது பக்கம் போனா ஆஸ்பத்திரி. எட்டு கிலோமீட்டரு. இடையில ரயில்வே கேட்டு ஒண்ணு இருக்கு, பூட்டுனான்னா காமணி நேரம். இடது பக்கம் போனா கொடை நடக்குத மைதானம். ரெண்டு நிமிசம்.

இடது பக்கம் திரும்புனேன்.

பின்னால கனி கேபின் தகரத்தை அடிக்கா. "எங்க போறிய? எங்க போறிய?" தகரம் அதிருது என் முதுகுல. நான் திரும்பிப் பாக்கல. ரெண்டு நிமிசந்தானன்னு நெனச்சேன். ரெண்டே நிமிசம்.

மைதானத்துல எடை போடுதவரு ஒரு பி.டி. வாத்தியாரு, ஸ்டீபன் சார்னு. ஆறு டீம்காரனும் வரிசையில நிக்கான். எங்க பசங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு, மளமளன்னு கோட்டைக் கழட்டி, ஸ்வெட்டரைக் கழட்டி... ஆமா, அங்க வச்சுக் கழட்டுனேன். எடைக்குக் கழட்டித்தான ஆகணும். கனி இதைத்தான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. "நான் கழட்டச் சொன்னப்போ ஜன்னி வரும்னிய. தராசைக் கண்டதும் கழட்டுனிய." பொம்பளைக்கு என்ன, ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டா.

ரெண்டு பேரும் கக்கத்துல கை குடுத்து அவனைத் தராசுல நிப்பாட்டுனானுவ. "கையை விடுங்கலே, விட்டாத்தான் எடை சரியாத் தெரியும்"னேன். விட்டானுவ. மடங்கி விழுகதுக்குள்ள நம்பர் ஓடி நின்னுச்சு. அம்பத்திநாலு தொள்ளாயிரம். வேற யாரும் பாக்கல. நான் பாத்தேன்.

ஸ்டீபன் சார் போட்ட சத்தத்துல மைக்கு செட்டே நின்னுபோச்சு. "ஏய், நெனவு தப்பிக் கிடக்கவனையா தராசுல ஏத்துத? மனுசனாடா நீ? லாரித் தண்ணியைத் தொறங்கடா!"

ஆடுகளம் நனைக்கதுக்கு ஒரு தண்ணி லாரி வந்து நின்னுச்சு. ஓஸைப் பிடுங்கி அவன்மேல பீச்சுனாங்க. சோடாக் கடையில இருந்த ஐஸ்கட்டியைச் சுத்தியலால உடைச்சுக் கழுத்துலயும் கக்கத்துலயும் தொடை இடுக்குலயும் வச்சாங்க. நாலு பேரு பிளக்ஸ் பேனரைக் கழட்டி விசிறுனாங்க. ஐஸா? கொன்னே போடுவாங்கன்னு ஓஸைப் போயிப் பிடிச்சேன். அப்பத்தான் கனி என்னை ரெண்டு கையாலயும் நெஞ்சுல குத்தித் தள்ளுனா. பன்னெண்டு வருசமா ஏங்கன்னு கூப்பிடக்கூடச் சத்தம் உசத்தாதவ. அந்தச் சகதியில மல்லாந்து விழுந்தேன் அண்ணாச்சி, ஆறு டீம்காரன் பாக்க. எதிர் டீம் மேனேஜரு பாக்க. அன்னையிலேருந்து நான் டீக்கடைக்குப் போறது இல்ல.

ஆம்புலன்சு வர இருபது நிமிசம் ஆச்சு. அதுவரைக்கும் அவ ஓஸைக் கீழ வைக்கல.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உடம்புல நூத்தி நாலு டிகிரி காய்ச்சல் இருந்துச்சாம். அவ்வளவு தண்ணி ஊத்துன பிறகும். விழுந்தப்போ நூத்தி எட்டுக்குக் குறையாதுன்னாங்க. டாக்டரம்மா சின்ன வயசுதான், கோவப்படல. எங்க இருந்தாரு இவ்வளவு நாளான்னு கேட்டாங்க. ஏசிக் கடையிலன்னேன். அதைப் போயி ஏட்டுல எழுதுதாங்க. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்னேன். வெயிலுக்கு உடம்பு பழகணும், பத்துப் பதினஞ்சு நாளு கொஞ்சம் கொஞ்சமா வேலை செஞ்சாத்தான் சீக்கிரம் வேர்க்கவும் உப்பை மிச்சம் பிடிக்கவும் அது கத்துக்கும்னாங்க. அப்புறம் நான் வண்டிக்காரன்னு தெரிஞ்சதும் எனக்குப் புரியுத மாதிரி சொன்னாங்க.

"ஓடும்போது சதையில சூடு உண்டாகும். ரத்தம் அதைச் சுமந்துட்டுத் தோலுக்கு வந்து ஆத்திட்டுப் போகும்."

"நம்ம ரேடியேட்டரு மாதிரியாம்மா?"

"அப்படித்தான். ரேடியேட்டர்ல தண்ணியையும் குறைச்சு, முன்னால சாக்கையும் கட்டி மூடி, மேட்டுல ஏத்தினா என்ன ஆகும்?"

"எஞ்சின் பிடிச்சுக்கிடும்மா"ன்னேன். சட்டுனு சொல்லிட்டேன், தொழில்காரன்லா. அவங்க என்னையே பாத்துட்டு, அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.

மூத்திரம் கடுங்காப்பி நெறத்துல போச்சு. சதை செதைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சிட்டுன்னாங்க. பதினொரு நாள் டயாலிசிஸ். அஞ்சு நாள் நெனவே இல்ல. மாமியா வார்டு வாசல்ல கிடந்தா. நான் பழம் வாங்கிட்டுப் போனா அதைத் தொடல.

ஆனா ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க, "முதல்ல குளிர வச்சிட்டு அப்புறம்தான் வண்டியில ஏத்தணும். அங்கயே தண்ணி ஊத்துனதாலதான் உயிர் இருக்கு"ன்னு. என் காதால கேட்டேன். நான் வலது பக்கம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? கேட்டுல மாட்டி, கோட்டுக்குள்ள வெந்து, வழியிலயே முடிஞ்சிருக்கும். இடது பக்கம் திரும்புனதாலதான தண்ணி லாரி கிடைச்சுது? ஐஸு கிடைச்சுது? அப்ப அவனைக் காப்பாத்துனது யாரு? இதை ஒருத்தன் சொல்லுதானா? ஊர்ல ஒருத்தன்? இதைத்தான் ரெண்டு மாசமா எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன். பஸ்ஸுல பாக்கவங்ககிட்டலாம் சொல்லுதேன்.

இப்ப நடக்கான். சுவத்தைப் பிடிச்சிட்டு நடக்கான். காலை அகட்டி அகட்டி வைக்கான். பேச்சு இழுக்கு. கபடி கபடின்னு ஒரே மூச்சுல பாடுனவன், அத்தான்னு சொல்லதுக்கு ரெண்டு தடவை மூச்சு எடுக்கான். வெயில் பட்டா ஆகாது. பத்து மணிக்கு மேல வீட்டு முத்தத்துக்கு வரமாட்டான். ஈரத்துணியைப் போத்திக்கிட்டு பேனுக்கு நேரா உக்காந்திருக்கான்.

போன ஞாயித்துக்கிழமை மாமியா வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல. பஸ்ஸை விட்டு இறங்குனதோட சரி. "அத்தான், அன்னைக்கி என்ன ஆச்சு? அக்காட்டக் கேட்டா, அத்தான்ட்டக் கேளுன்னுட்டா"ன்னான்.

நான் சொன்னேன். நீ ஓடும்போது மயங்கி விழுந்த, நான் தூக்கி வண்டியில போட்டேன், தண்ணி லாரி நின்ன இடத்துக்குக் கொண்டு போனேன், அதான் நீ பிழைச்சிருக்கன்னு.

அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு கையாலயும். விடல. "அத்தான்... இல்லாட்டா... நான் செத்திருப்பேன்"னான். கண்ணுல தண்ணி. நானும் அழுதேன். எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு.

கனி வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்திருக்கா. நான் செருப்பு போடும்போது பக்கத்துல வந்தா. சத்தம் இல்லாம, "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அங்க லாரி நிக்கும்னு தெரிஞ்சா திரும்புனிய?"ன்னா.

பஸ் வந்துட்டுன்னு ஓடி வந்துட்டேன்.

இல்ல, பஸ் வரல. அரை மணி நேரம் ரோட்டுல நின்னேன்.

என்ன பாக்கிய அண்ணாச்சி? நீங்களும் அதையேதான் கேக்கப் போறிய, அப்படித்தான?

தெரியாது. லாரி நிக்குன்னு எனக்குத் தெரியாது. முக்குல வண்டியைத் திருப்பும்போது என் மனசுல லாரியும் இல்ல, ஐஸும் இல்ல. பின்னால கிடக்கவன் உசுரோட இருக்கானான்னுகூட... மிச்சம் இருந்த அறுநூறு கிராம்தான் மனசுல இருந்துச்சு அண்ணாச்சி. அதுவும் இறங்கியிருக்கும்னுதான் நெனச்சேன்.

இதுவரைக்கும் யார்ட்டயும் இதைச் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் வாயில வந்துட்டு. கனிட்டச் சொல்லுதது பெரிசு இல்ல, அவளுக்குத் தெரியும். அவன்ட்டச் சொல்லணும். என் கையைப் பிடிச்சானே, அவன்ட்ட. அவன் பிடியை விட்டாலும் சரின்னு சொல்லணும்.

அந்தா, வளைவு வந்துட்டு. கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்க, நான் அந்தப் பக்கம் போகணும். தம்பி, கண்டக்டரு, விசிலடிச்சிராதப்பா. ஆள் இறங்கணும்.